கொத்தனார் ஹெர்மன் மையர்

ஆஸ்திரியப் பனிச்சறுக்கு வீரர் ஹெர்மன் மையர் பெயரைச் சொன்னாலே பனிச்சறுக்கு ரசிகர்கள் ஒரே வீடியோவைத்தான் பகிர்கிறார்கள். ஜப்பானில் நடந்த 1998 நகானோ ஒலிம்பிக்கின் டவுன்ஹில் போட்டி, அதாவது மலைச்சரிவில் அதிவேகமாக இறங்கும் பந்தயம். ஒரு திருப்பத்தில் மனிதர் காற்றில் பறந்து, தலைகுப்புற விழுந்து, தடுப்பு வலைகளைச் சாய்த்துக்கொண்டு போவார். மூன்றே நாளில், டவுன்ஹில்லை விடத் திருப்பங்கள் கூடிய சூப்பர் ஜி பந்தயத்தில் தங்கம், அதற்கு மூன்று நாள் கழித்து, திருப்பங்கள் இன்னும் நெருக்கமான ஜயன்ட் ஸ்லாலமில் இன்னொரு தங்கம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்த மலை உச்சிக்கு அவர் வந்து சேர்ந்த விதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லையே என்று ஆதங்கமாக இருக்கிறது.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலத்தில் ஃபிளாகாவ் அவருடைய ஊர். அப்பா அங்கே பனிச்சறுக்குப் பள்ளி நடத்தினார். 15 வயதில் ஷ்லாட்மிங் ஊரின் பனிச்சறுக்குப் பயிற்சிப் பள்ளியிலிருந்து மையரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்பு மெலிவாம், வளர்த்தி போதாதாம். அப்புறம் கோடையில் செங்கலும் சாந்துமாகக் கொத்து வேலை, குளிர்காலத்தில் அப்பாவின் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுப்பது. வருடங்கள் இப்படியே போயின.

பனிச்சறுக்கில் உலகக் கோப்பை என்பது குளிர்காலம் முழுக்க ஊர் ஊராக நடக்கும் பந்தயத் தொடர். 1996 ஜனவரியில் அதன் ஜயன்ட் ஸ்லாலம் பந்தயம் ஒன்று ஃபிளாகாவுக்கே வந்தது. பந்தயத்துக்கு முன்னால் தடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சிலரை இறக்கிவிடுவார்கள். அவர்களுடைய நேரம் கணக்கில் சேராது. அப்படி இறங்கியவர்களில் மையரும் ஒருவர், வயது 23. சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் 12-ஆம் இடம் வந்திருக்கும்! அந்த ஓட்டம்தான் அவரைக் கவனிக்க வைத்தது. மறு வருடம் பிப்ரவரியில் ஜெர்மனியின் கார்மிஷில் முதல் உலகக் கோப்பை வெற்றி. அதற்கடுத்த வருடம் நகானோ.

இதை விடாமுயற்சிக் கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முயற்சி அவருடையது, மறுக்கவில்லை. ஆனால் உலகக் கோப்பைப் பந்தயம் அவர் ஊருக்கு வந்தது அதிர்ஷ்டம். பையன்கள் எல்லாரும் ஒரே வயதில் வளர்வதில்லை. 13-இல் நெடுநெடுவென்று வளர்பவனும் உண்டு, 17-இல் வளர்பவனும் உண்டு. டவுன்ஹில் வீரர்கள் பெரும்பாலும் 20-களின் பிற்பகுதியில்தான் உச்சத்துக்கு வருகிறார்கள். அப்படியிருக்க, 15 வயது உடம்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்? உலகக் கோப்பை எட்டிப் பார்க்காத ஊர்ப் பையன்கள் எத்தனை பேர் சாந்துச் சட்டியோடே நின்றுவிட்டார்களோ.

2001 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிளில் போகும்போது கார் மோதி, அவருடைய வலது கால் நொறுங்கியது. காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்ற நிலை. 2002 ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. எலும்புக்குள் டைட்டானியம் கம்பியோடு 2003 ஜனவரியில் திரும்பி வந்தவர், அதே மாதம் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயலில் சூப்பர் ஜி பந்தயத்தை வென்றார். 2004-இல், பருவம் முழுக்கச் சேர்த்த புள்ளிகளுக்குக் கிடைக்கும் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டம், அவருக்கு நான்காவது முறை. நகானோ தங்கங்களை விட இந்தப் பட்டத்தைத்தான் நான் உயர்வாக வைப்பேன். ஒருநாள் துணிச்சலால் கிடைப்பதல்ல அது. குளிர்காலம் முழுக்க, பந்தயத்துக்குப் பந்தயம், அந்தக் கால் தாங்க வேண்டும்.

2009-இல் ஓய்வு பெற்றபோது 54 உலகக் கோப்பைப் பந்தய வெற்றிகள். ஆண்களில் அப்போது அவருக்கு மேலே இருந்தவர் ஸ்வீடனின் ஸ்டென்மார்க் மட்டும்தான். எந்த விளையாட்டாக இருந்தாலும் சரி, 15 வயதில் கழித்துவிட்ட பிள்ளைகளை 18-இல் ஒரு முறை, 20-இல் ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒன்றும் பெரிதல்ல.