பயிர் மாடலின் கணினிக் கோடும் (code) வயல் தரவும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்

"2050-ல் மக்காச்சோள விளைச்சல் இத்தனை சதவீதம் குறையும்" என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். எந்த மாடலில் ஓட்டினார்கள்? அதன் கோடை, அதாவது அந்த மாடலை ஓட்டும் கணினி நிரலை, யாராவது திறந்து படிக்க முடியுமா? முடியாது என்றால் அந்த எண்ணை வைத்து அரசு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கடுமையாகத் தோன்றலாம், ஆனால் காரணத்தோடுதான் சொல்கிறேன்.

பயிர் வளர்ச்சி மாடல் என்பது ஒரு செடியைக் கணினிக்குள் நாள் நாளாக வளர்த்துப் பார்ப்பது. வெயில், மழை, அன்றைய வெப்பம், மண்ணின் ஈரம், போட்ட தழைச்சத்து எல்லாம் உள்ளே போகும். இலை எத்தனை, எப்போது பூக்கும், மணி எவ்வளவு பிடிக்கும் என்பது வெளியே வரும். இதில் செடியின் வயதை நாட்களால் எண்ணுவதில்லை, அது வாங்கிய வெப்பத்தால் எண்ணுகிறார்கள். போதுமான வெப்ப அலகு சேர்ந்ததும் செடி அடுத்த பருவத்துக்குப் போய்விடும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. டிசாட் (DSSAT) என்ற பயிர் மாடல் மென்பொருள் தொகுப்பில் உள்ள மக்காச்சோள மாடலில் 8 டிகிரிக்குக் கீழே வெப்ப அலகு பூஜ்யம். அதற்கு மேல் டிகிரிக்கு ஒன்று என ஏறி, 34 டிகிரியில் 26 ஆகும். அதற்கு மேல் எவ்வளவு கொளுத்தினாலும் கோடு அதை 34 என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது 40 டிகிரியிலும் 26 அலகுதான், செடி முழு வேகத்தில் முற்றிக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியர்களின் ஆப்சிம் (APSIM) என்ற பயிர் மாடல் மென்பொருளில் பல காலமாகப் புழங்கிய மக்காச்சோளக் கணக்கைப் பாருங்கள். 18-லிருந்து 34 டிகிரி வரை டிசாட்டும் அதுவும் ஒன்றேதான், 34-ல் அதே 26. ஆனால் அதற்கு மேல் இறங்க ஆரம்பித்து 44 டிகிரியில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 40 டிகிரிக்கு அது தருவது 10.4.

ஒரே வெயில், ஒரே செடி. ஒரு மாடலில் 26, இன்னொன்றில் 10.4. குளிர்ந்த ஊரில் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. பங்குனி, சித்திரையில் இறவையில் நிற்கும் நம் ஊர் மக்காச்சோளத்துக்கு, மதியம் 38, 39 என்று போகும்போது, இதுதான் பெரிய கேள்வி. எது சரி என்பதை வயலில் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். ஆனால் இப்படி ஒரு வித்தியாசம் இருக்கிறது என்பதே கோடைத் திறந்து படிக்க முடிவதால்தான் நமக்குத் தெரிகிறது. மூடிய மென்பொருளில் கடைசி விளைச்சல் எண் மட்டும்தான் கைக்கு வரும்.

டிசாட்டின் மக்காச்சோள மாடல் 1980-களில் டெக்சாஸின் டெம்பிள் நகரில் உருவானது. 1989-ல் முதல் தொகுப்பு வந்தது. ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அதன் கணக்கீட்டுக் கோடு இன்று பிஎஸ்டி (BSD) என்ற தாராளமான திறந்த உரிமத்தில், கோடுகளைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றத்தைத் திருப்பி அனுப்பலாம். ஆப்சிமின் கோடையும் படிக்கலாம், ஆனால் வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். அதனால் அதை முழுத் திறந்த மூலம் என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் படிக்க முடிவதே பெரிய விஷயம்.

இதே பாணியில் பிரான்ஸில் ஓப்பன்அலியா (OpenAlea) என்ற திறந்த மூலச் செடி மாடல் தொகுப்பு இருக்கிறது. ஒருவர் எழுதிய ஒளிக் கணக்கை இன்னொருவரின் இலை வடிவத்தோடு பைத்தான் என்ற நிரல் மொழியில் கோத்துக்கொள்ளலாம். வேரை முப்பரிமாணத்தில் வளர்த்துப் பார்க்க ஓப்பன்சிம்ரூட் இருக்கிறது.

கூட்டாகச் செய்வதன் பலன் 2014-ல் தெளிவாகவே தெரிந்தது. அக்மிப் (AgMIP) என்ற சர்வதேசப் பயிர் மாடல் ஆய்வாளர் கூட்டமைப்பில் 23 மக்காச்சோள மாடல்களை பிரான்ஸ், அமெரிக்கா, பிரேசில், தான்சானியா என நான்கு இடங்களின் தரவில் ஓட்டினார்கள். தனித்தனியாக எண்கள் சிதறின, எல்லாவற்றின் சராசரியோ உண்மை விளைச்சலை நன்றாகவே ஒட்டி வந்தது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் எக்டேருக்கு ஏறத்தாழ அரை டன் குறையும் என்றும் வந்தது. ஒரே ஒரு மாடலை மட்டும் ஓட்டி அதன் எண்ணை அறிக்கையில் போடுவது இதற்குப் பிறகும் தொடர்வதுதான் எனக்குக் கோபம்.

சரி, கோடு திறந்தாயிற்று. அது போதுமா? போதாது. டிசாட்டில் ஒவ்வொரு மக்காச்சோள ரகத்துக்கும் ஆறு எண்கள் வேண்டும். இளம் பருவம் முடிய எத்தனை வெப்ப அலகு, பகல் நீளம் கூடினால் வளர்ச்சி எவ்வளவு தாமதமாகும், பூத்ததிலிருந்து முற்றும்வரை எவ்வளவு, ஒரு செடிக்கு அதிகபட்சம் எத்தனை மணி, மணி எந்த வேகத்தில் நிரம்பும், இலைக்கும் இலைக்கும் இடைவெளி எவ்வளவு. இவற்றை வயல் சோதனையில் இருந்துதான் எடுக்க முடியும். அந்தச் சோதனைகள் நம் நாட்டில் நடக்காமல் இல்லை, நிறையவே நடக்கின்றன. ஆனால் தரவு ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் யாரோ ஒருவரின் பென்டிரைவிலும் கிடக்கிறது. ஒரு ஆய்வு நிலையத்தில் விதைத்த தேதியும் பூத்த தேதியும் மட்டும் கேட்டேன். பேப்பர் வந்ததும் தருகிறோம் என்றார்கள். பேப்பர் வந்தது, தரவு வரவில்லை.

அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. வெயிலில் நின்று அளந்தவர் ஒருவர், அதை வைத்துப் பெயர் வாங்குபவர் இன்னொருவர் என்றால் யார்தான் கொடுப்பார்கள்? அதனால் தரவு வெளியீட்டையும் பதவி உயர்வில் ஒரு ஆய்வுக் கட்டுரை போலவே கணக்கில் எடுக்க வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கும் சோதனைக்கு, முடிந்து ஓரிரு வருடத்துக்குள் தரவு வெளியே வர வேண்டும் என்று நிதி தருபவர்களும் நிபந்தனை போட வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் கூட்டு ஆராய்ச்சி என்று பேசுவதில் பயனில்லை. தனியார் வீரிய ஒட்டு ரகங்களின் கதை வேறு, அங்கே கம்பெனிகள் மனசு வைத்தால்தான் உண்டு. ஆனால் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.எச்.(எம்) 6 போன்ற மக்காச்சோள ரகத்துக்கு என்ன தடை?

வேளாண் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாடலைப் பட்டன் அழுத்தி ஓட்டுவதோடு நிறுத்தாதீர்கள். டிசாட் எழுதப்பட்டிருக்கும் பழைய நிரல் மொழியான ஃபோர்ட்ரான் என்றதும் பயப்பட வேண்டாம். மக்காச்சோளம் பருவம் மாறுவதைக் கணக்கிடும் கோப்பைத் திறந்து படித்து, நான் மேலே சொன்ன 34 எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பாருங்கள். அதை மாற்றி ஓட்டி, உங்கள் ஊர் கோடைக்கால வயல் தரவோடு ஒப்பிட்டு, வந்ததை வெளியே போடுங்கள்.

யாரிடமாவது கோ.எச்.(எம்) 6-க்கு விதைத்த தேதி, பூத்த தேதி, அறுவடை எடை, அந்தப் பருவத்தின் தினசரி வானிலை நான்கும் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். டிசாட் வடிவத்துக்கு மாற்றும் வேலையை நான் செய்கிறேன். அளந்தவர் பெயரை முதலில் போட்டு, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடலாம்.