தரையில் கால் படாத மேசை

(ஞாயிற்றுக்கிழமை மாலை. தென் மாவட்டம் ஒன்றில் ஆட்சியர் அலுவலகத்தின் வெளிவேலி. மறுநாள் திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். முப்பது ஆண்டுகளாக இந்த வேலியோரம் மனு எழுதிவரும் பெரியவர், பட்டறைக்காரருக்காகக் காத்து நிற்கிறார். இத்தனை காலம் அரசாங்கத்துக்கே எழுதிப் பழகியதால், வீட்டில் காப்பி கேட்பதாக இருந்தாலும் பணிந்து கேட்டுக்கொள்ளும் வழக்கம் அவருக்கு வந்துவிட்டது. அவரோடு பேசிப் பேசிப் பட்டறைக்காரருக்கும் அந்தத் தமிழ் தொற்றிக்கொண்டது. கோணியில் சுற்றிய இரும்புச் சாமான்கள் மொபெட்டிலிருந்து இறங்குகின்றன.)

மனு எழுதுபவர்: வாரும் தம்பி. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவதாக நீர் வாக்களித்ததையும், இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதையும் உமது மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பட்டறைக்காரர்: இரண்டு நாள்களாகப் பட்டறையில் மின்சாரம் இல்லை, அண்ணாச்சி. இரும்பை எச்சில் தொட்டு ஒட்ட முடியாது. இதோ பாருங்கள், இது மேசை, இது இருக்கை. இரண்டுக்கும் கொக்கிதான் உண்டு. நீங்கள் சொன்னபடி ஒரு கால்கூட வைக்கவில்லை.

மனு எழுதுபவர்: அதுதான் முக்கியம். சென்ற மாதம் மட்டும் மூன்று முறை என் மேசையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காரணம் கேட்டதற்கு, மேசையின் கால்கள் நடைபாதையில் ஊன்றியிருப்பதால் அது ஆக்கிரமிப்பு என்று வந்தவர் விளக்கம் அளித்தார். குற்றவாளி கால்தான் என்று அரசாங்கமே சொன்ன பிறகு, காலே இல்லாத மேசையின் மீது எந்தப் பிரிவில் நடவடிக்கை எடுப்பார்கள் என்று பார்த்துவிடலாம்.

பட்டறைக்காரர்: மேசைக்குக் கால் இல்லை, சரி. நீங்கள் உட்காரும்போது உங்களுடைய இரண்டு கால்களும் அதே நடைபாதையில்தானே இருக்கும்?

மனு எழுதுபவர்: மனிதக் கால்கள் படுவதற்காகப் போடப்பட்டதுதான் நடைபாதை. அதில் என் கால்களை வைக்க எனக்கு உரிமை உண்டு. மேசையின் கால்களுக்குத்தான் அந்த உரிமை இல்லை.

பட்டறைக்காரர்: சட்டம் அப்படிச் சொல்லலாம், இரும்பு அப்படிச் சொல்லாது. உங்கள் பாரம் இருக்கைக்கு வரும், இருக்கையிலிருந்து கொக்கிக்குப் போகும், கொக்கியிலிருந்து வேலியின் குறுக்குப் பட்டைக்கும், பட்டையிலிருந்து கம்பத்துக்கும் போய், கடைசியில் கம்பத்தின் வழியாக அதே தரையில்தான் இறங்கும். காலை வெட்டியதால் தரை தப்பித்துவிடவில்லை. பாரம் சுற்றுவழியில் வந்து சேருகிறது, அவ்வளவுதான்.

மனு எழுதுபவர்: சுற்றுவழியில் வந்து சேருவது குற்றம் என்றால், இந்த வளாகத்துக்குள் ஒரு கோப்பும் மிஞ்சாது தம்பி. அது கிடக்கட்டும். இருக்கைக்குக் கீழே சாய்வாக ஒரு முட்டுக்கம்பி நீண்டுகொண்டு போகிறதே, அது எதற்கு? விண்ணப்பப் படிவப் பையை வைக்க இடம் வேண்டும், முட்டுக் குட்டையாக இருக்கட்டும் என்று நான் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்காரர்: கேட்டீர்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்துவிட்டேன். உங்கள் எடை என்ன?

மனு எழுதுபவர்: காலை உணவுக்கு முன்பு 72 கிலோ.

பட்டறைக்காரர்: நீங்கள் உட்கார்ந்தால் அந்த 72 கிலோவின் நடு, வேலியிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். கொக்கிக்கு 50 சென்டிமீட்டர் கீழே முட்டு வேலியில் ஊன்றினால், கொக்கி வேலியைத் தன் பக்கம் பறிக்கும் இழுப்பு 36 கிலோ. முட்டுக்கம்பியை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் அதே இழுப்பு 72 கிலோ. நீங்கள் கேட்டபடி பன்னிரண்டரை சென்டிமீட்டரில் வைத்திருந்தால் 144 கிலோ. உங்கள் எடையைத் தாங்கும் வேலை கொக்கிக்கு எப்போதும் உண்டு. இந்த இழுப்பு அதற்கும் மேலே வருவது.

மனு எழுதுபவர்: நான் ஒரே ஆள். வேலிக்கு மட்டும் இரண்டு ஆளாக எப்படித் தெரிவேன்?

பட்டறைக்காரர்: நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தெருமுனைவரை ஊர்க்கதை பேசிக்கொண்டே நடக்கிறாள். அதே குடத்தைக் கை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் பத்து எண்ணுவதற்குள் போட்டுவிடுவாள். தண்ணீர் கூடவில்லை, தூரம்தான் கூடியது. காலில்லாத சாமான் எல்லாமே கையை நீட்டிக் குடம் பிடிக்கிற சாமான்தான், அண்ணாச்சி.

மனு எழுதுபவர்: படிவப் பை என் மடியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். மேசையை எந்த உயரத்தில் மாட்டுவீர்?

பட்டறைக்காரர்: வேலியின் மேல்பட்டையில் மாட்டத்தானே கொக்கி வைத்திருக்கிறேன்?

மனு எழுதுபவர்: அந்தத் தவறை மட்டும் செய்துவிடாதீர். பெங்களூரில் என் மகன் வீட்டு பால்கனியில் கம்பியில் தொங்கும் மேசை ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான். எனக்கு இந்த யோசனை வந்ததே அங்கேதான். பால்கனிக் கைப்பிடி குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது கட்டட விதி. மேசையை அதன் தலையில் மாட்டிவிட்டு, 45 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியில் உட்கார்ந்தேன். தட்டு என் தாடைக்கு நேராக வந்து நின்றது. இட்லியை எடுத்து வாயில் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாக்கை நீட்டினால் போதுமானதாக இருந்தது.

பட்டறைக்காரர்: உயரமான முக்காலி ஒன்று போட்டிருக்கலாமே.

மனு எழுதுபவர்: மருமகள் அதைத்தான் கொண்டுவந்தாள். ஏறி உட்கார்ந்த பிறகு, இடுப்புக்கு மேலே இருந்த நான் முழுவதும் கைப்பிடிக்கு வெளியே சாய்வதற்குத் தயாராக இருந்தேன். ஐந்தாவது மாடி. கீழே தெரிந்த நாய்க்குட்டிகள் எறும்பு போல ஊர்ந்தன. அன்றைய இட்லியைக் கூடத்தில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். எழுதுகிற மேசைக்கு 75 சென்டிமீட்டர் போதும், நடுப்பட்டையில் மாட்டும்.

(பட்டறைக்காரர் இருக்கையை நடுப்பட்டையில் மாட்டுகிறார். மேசையை எடுத்து அதன் அருகில் மாட்டுகிறார். இருவரும் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறார்கள். வெகுநேரம் பார்க்கிறார்கள்.)

மனு எழுதுபவர்: தம்பி, இந்த இருக்கையில் அமர்ந்தால் என் முதுகு வேலியின் பக்கம் இருக்கும் அல்லவா?

பட்டறைக்காரர்: ஆமாம்.

மனு எழுதுபவர்: மேசையும் அதே வேலியில்தான் தொங்குகிறது.

பட்டறைக்காரர்: ஆமாம்.

மனு எழுதுபவர்: அப்படியானால் மேசைக்கு எதிரே உட்கார வேண்டுமென்றால் எனக்குப் பின்னால் இன்னொரு வேலி வேண்டும், இருக்கையில் உட்கார வேண்டுமென்றால் எனக்கு முன்னால் இன்னொரு வேலி வேண்டும். ஒரு வேலியை வைத்துக்கொண்டு இரண்டையும் செய்ய இயலாது என்பது, முன்பணமாக ஆயிரம் ரூபாய் கொடுத்த பிறகு என் கவனத்துக்கு வந்துள்ளது.

பட்டறைக்காரர்: வேலி மூலை திரும்புகிற இடத்தில் மாட்டினால் சரியாகிவிடும். ஒரு பக்கத்தில் இருக்கை, மறுபக்கத்தில் மேசை.

மனு எழுதுபவர்: மூலையில் இளநீர்க்காரர் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறார். அவர் கையில் எப்போதும் அரிவாள் இருக்கும்.

பட்டறைக்காரர்: மூலை வேண்டாம். பரீட்சை எழுதும் நாற்காலியில் கைப்பிடியோடு ஒரு பலகை இருக்குமே, அதைப்போல இருக்கையின் வலப்பக்கத்தில் ஒரு கீல் வைத்து, பலகையை உங்கள் மடிக்கு மேலே திருப்பிவிடுகிறேன். இதே மேசைப் பலகைதான். வேலிக் கொக்கியைக் கழற்றிவிட்டுக் கீலில் பூட்டிவிடலாம்.

மனு எழுதுபவர்: ஏற்கத்தக்க யோசனை. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் பரீட்சை எழுத வருகிறவர்கள் அல்லர். பட்டா மாறாதவர் மேசையைக் குத்துவார். ஓய்வூதியம் வராதவர் முழங்கையை ஊன்றுவார். மகன் கைவிட்ட தாய் பலகையில் தலை சாய்த்துவிடுவாள், எழுப்பவும் மனம் வராது. அத்தனையையும் உமது கீல் தாங்க வேண்டும்.

பட்டறைக்காரர்: கீழே அழுத்தினால் தாங்கும், கொக்கி இன்னும் இறுகத்தான் செய்யும். பயப்பட வேண்டியது மேலே தூக்குவதற்குத்தான். யாராவது எழுந்திருக்கும்போது முழங்காலால் பலகையை அடியிலிருந்து இடித்துவிட்டால் கொக்கி துள்ளி வெளியே வந்துவிடும். அதற்காகத்தான் கொக்கி வாயில் குறுக்கே ஒரு ஊசி கொடுத்திருக்கிறேன். மாட்டியவுடன் அதைச் செருகிவிட வேண்டும். கொக்கிக்குள் சைக்கிள் டியூப் வெட்டிப் பொதிந்திருக்கிறேன், வழுக்காது, வேலியின் பெயிண்டும் உரியாது. பெயிண்ட் உரிந்தால் அரசுச் சொத்துக்குச் சேதம் என்று உங்கள் மீது யாராவது மனு கொடுத்துவிடுவார்கள்.

மனு எழுதுபவர்: அந்த மனுவையும் நான்தான் எழுத வேண்டியிருக்கும். எடை மிகுதியாகத் தெரிகிறதே. நாள்தோறும் மாலையில் இதைப் பேருந்தில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவன் நான்.

பட்டறைக்காரர்: இருபத்தைந்துக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் ஆங்கிள் இரும்பு, 3 மில்லிமீட்டர் கனம். மீட்டருக்கு 1.1 கிலோ வரும். நாலு மீட்டர் ஓடியிருக்கிறது. அலுமினியத்தில் செய்தால் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் விலை ஏறும். என் பட்டறையின் வெல்டிங் குச்சியில் அலுமினியம் ஒட்டவும் ஒட்டாது. உட்காருமிடத்தில் மட்டும் வேப்பம்பலகை போட்டிருக்கிறேன், ஏனென்றால் சித்திரை மாதத்து நண்பகலில் இரும்பில் உட்கார்ந்தவர் அடுத்து எழுதும் மனு மருத்துவ உதவி கேட்டு இருக்கும். அண்ணாச்சி, நெடுநாளாகக் கேட்க நினைத்தேன். உங்களைப் போன்றவர்களுக்கு என்று சட்டம் ஒன்றும் கிடையாதா?

மனு எழுதுபவர்: ஏன் இல்லாமல்? தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014. பொருள் விற்பவரை மட்டுமல்ல, தெருவில் பொதுமக்களுக்குச் சேவை அளிப்பவரையும் அது வியாபாரி என்றே சொல்லுகிறது. 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அப்புறப்படுத்தக் கூடாது. பறிமுதல் செய்த பொருளை உரியவர் கேட்டால், அழுகும் பொருளாக இருந்தால் அன்றே தர வேண்டும். அழுகாத பொருளாக இருந்தால் இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும். மேசை அழுகாத பொருள்.

பட்டறைக்காரர்: இத்தனை இருக்கும்போது என்னிடம் எதற்கு வந்தீர்கள்?

மனு எழுதுபவர்: அந்தப் பாதுகாப்பெல்லாம் கிடைக்க விற்பனைச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

(கீல் பூட்டப்படுகிறது. அதற்குள் பெரியவர் இருக்கையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, புங்கமரத்து நிழல் விழும் இடமாகப் பார்த்து நடக்கிறார். பட்டறைக்காரர் சுத்தியலால் வேலியை ஒவ்வொரு தடுப்பாகத் தட்டிக்கொண்டு பின்னால் வருகிறார்.)

பட்டறைக்காரர்: இதில் வேண்டாம். இதிலும் வேண்டாம். அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்கள். வாசலை ஒட்டிய மூன்று தடுப்புகளைத் தவிர வேறு எதிலும் மாட்டக் கூடாது.

மனு எழுதுபவர்: எல்லாம் ஒரே வேலிதானே? மூன்று தடுப்புகளுக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு?

பட்டறைக்காரர்: மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இந்த வேலியைப் பற்றவைத்தவனே நான்தான். மூட்டுகளைச் சுற்றிலும் பற்றவைக்க நான் தயாராகத்தான் இருந்தேன். ஒப்பந்தக்காரர்தான் குச்சி வாங்கித் தரவில்லை. பார்வையிட வருகிறவர் வாசலில் காரைவிட்டு இறங்கி, எதிரே தெரிகிற தடுப்பை மட்டும் அசைத்துப் பார்ப்பார் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே முதல் மூன்று தடுப்புகளுக்கு முழுப்பற்று. மற்றதற்கெல்லாம் மூட்டின் ஓரத்தில் ஆளுக்கொரு பொட்டு.

மனு எழுதுபவர்: ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சாய்ந்தபோது ஆடிய வேலி இதுதானா?

பட்டறைக்காரர்: அது உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒருவர் அப்படி ஒரு மனு கொடுத்ததால்தான் ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையை நிறுத்திவைத்தார்கள். அவர் என் கூலியை நிறுத்திவைத்தார். படித்துப் பார்த்தவர் கண்ணில் நீர் வரும்படி எழுதியிருந்ததாம் அந்த மனு.

மனு எழுதுபவர்: கண்ணில் நீர் வந்ததாகவா சொன்னார்கள்?

பட்டறைக்காரர்: அண்ணாச்சி!

மனு எழுதுபவர்: ஆசிரியைக்காக எழுதியது, தம்பி. உமது கை அதில் இருந்தது எனக்குத் தெரியாது. ஆனால் நல்ல செய்தி ஒன்றும் உண்டு. முப்பது ஆண்டுகளில் நான் கேட்டது கேட்டபடியே கிடைத்த முதல் மனு அதுதான். வெள்ளிக்கிழமையன்று பதில் வந்ததென்று ஆசிரியை என்னிடம் காட்டிவிட்டுப் போனார். பழுதான வேலியை அகற்றிவிட்டு 7 அடி உயரத்துக்கு மதிற்சுவர் எழுப்ப ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறார்களாம்.

பட்டறைக்காரர்: எந்த வேலியை அகற்றிவிட்டு?

(அமைதி. இளநீர்க்காரர் ஒரு காயைச் சீவும் ஓசை மட்டும் கேட்கிறது.)

மனு எழுதுபவர்: மதிற்சுவரில் இந்தக் கொக்கி மாட்டுமா?

பட்டறைக்காரர்: சுவர் 9 அங்குலக் கனம் இருக்கும், கொக்கியின் வாய் ஒன்றரை அங்குலம். கொக்கியை அகலமாக்கினாலும் 7 அடி உயரத்திலிருந்து தொங்கவிட்டால் அதற்குப் பெயர் ஊஞ்சல்.

மனு எழுதுபவர்: அப்படியானால் ஒரு மறுமனு அவசரமாகத் தேவைப்படுகிறது. நாளைக் காலையில் முதல் மனுவாகவே கொடுத்துவிடலாம். காகிதம் இருக்கிறது, பேனா இருக்கிறது, இப்போது மேசையும் இருக்கிறது.

(இருக்கையை மாட்டி, ஊசியைச் செருகி, உட்கார்ந்து, பலகையை மடிக்கு மேலே திருப்பிக்கொள்கிறார். முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.)

மனு எழுதுபவர்: கேளும். ‘பெறுநர், உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள். ஐயா, பொருளில் காணும் வேலி பழுதானது என்று முன்னர் அளிக்கப்பட்ட மனு, போதிய விவரம் அறியாமல் எழுதப்பட்டதாகும். மேற்படி வேலி ஒரு முழு மனிதரின் பாரத்தையும் தாங்கக்கூடிய உறுதியுடன் விளங்குகிறது என்பதை, அதில் அமர்ந்தவாறே பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்.’ எப்படி இருக்கிறது?

பட்டறைக்காரர்: அந்த வரியை மட்டும் எழுந்து நின்று எழுதிவிடுங்கள், அண்ணாச்சி. நிழலைப் பார்த்து நீங்கள் மாட்டியிருப்பது பதினோராவது தடுப்பு.