பிளிட்ஸ் போடும் முன் கார்னர்பேக்கைப் பாருங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தற்காப்பு கொஞ்சம் தடுமாறினால் போதும், "பிளிட்ஸ் போடு" என்று அரங்கம் முழுக்கக் குரல் எழும். அதாவது, பந்தை எறியும் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை அமுக்க வழக்கத்தைவிடக் கூடுதல் ஆட்களை அனுப்பச் சொல்கிறார்கள். அடிக்கடி பிளிட்ஸ் போடுபவர்தான் பயமில்லாத பயிற்சியாளர் என்ற எண்ணம் ரசிகர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. பாஸ் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவர்களை ஓரங்களில் நின்று தடுக்கும் கார்னர்பேக்குகள் தனியாகச் சமாளிப்பார்களா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வழக்கமாக நால்வர் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்கள், எழுவர் பாஸை, அதாவது அவர் எறியும் பந்தை, தடுக்கப் பின்னால் நிற்பார்கள். ஆறு பேரை அனுப்பினால் பின்னால் ஐவர்தான். பாஸ் பிடிக்கக்கூடிய எதிரணியினரும் ஐவர். ஒருவர் பிசகினாலும் உதவிக்கு ஆளில்லை.

2018 மிச்சிகன் பல்கலைக்கழக அணியை மறக்க முடியுமா? தற்காப்புப் பயிற்சியாளர் டான் பிரவுனை 'டாக்டர் பிளிட்ஸ்' என்றே அழைத்தார்கள். எதிரணிக்குக் கொடுத்த யார்டு கணக்கில் நாட்டிலேயே சிறந்த தற்காப்பு என்ற பெயரோடு கொலம்பஸுக்குப் போன அந்த அணி, அந்த ஊர்ப் பல்கலைக்கழகமான ஓஹாயோ ஸ்டேட்டிடம் 62-39 என்று தோற்றது. அவர்களின் குவார்ட்டர்பேக் டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் 396 யார்டு எறிந்தார், அதில் 6 டச்டவுன் (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் பெறும் ஸ்கோர்). ரிசீவர்கள் களத்தின் குறுக்கே ஓட ஓட, ஆளுக்கு ஆள் துரத்தியவர்களால் ஓஹாயோ ஸ்டேட் ரிசீவர் பாரிஸ் கேம்ப்பலின் வேகத்தை எட்டவே முடியவில்லை. மறு ஆண்டும் அதே எதிரணியிடம் 56-27. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்காக பிளிட்ஸே கூடாது என்பதல்ல. மூன்றாவது டவுனில், அதாவது நான்கு முயற்சிகளில் மூன்றாவதில், பத்து யார்டு பாக்கி, வெளியூர் அரங்கின் இரைச்சலில் அனுபவமில்லாத குவார்ட்டர்பேக் என்றால் தயங்காமல் அனுப்ப வேண்டும். எதிரணி நம் கோல் கோட்டை நெருங்கிவிட்டாலும் அப்படியே. ரிசீவர் நீளமாக ஓட அங்கே இடமில்லை. ஆட்டம் தொடங்கப் பந்தை வைக்கும் இடத்துக்கு எல்லையான ஹாஷ் கோடுகள், கல்லூரிக் களத்தில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். களத்தைவிட விலகியிருப்பதால் பந்து பல நேரம் ஓரமாகவே ஆட்டத்துக்கு வருகிறது. குறுகிய பக்கத்திலிருந்து பாய்பவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார். இதைப் பயன்படுத்தாத பயிற்சியாளர்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு.

இத்தனையும் பொருந்தினாலும் கார்னர்பேக் கைவிட்டால் கதை முடிந்தது. 2022இல் மிச்சிகனுக்கு மூன்றாவது டவுன், 9 யார்டு பாக்கி. ஓஹாயோ ஸ்டேட் துணிந்து ஆட்களை அனுப்பியது. கொர்னீலியஸ் ஜான்சன் குறும்பாஸைப் பிடித்து, தன்னைப் பிடித்து வீழ்த்த வந்த ஒரு டேக்கிளிலிருந்து நழுவி, 69 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். பின்னால் யாருமே இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு இதே மோதலில் மிச்சிகனின் எய்டன் ஹட்சின்சன் மட்டும் மூன்று முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினார். 42-27 வெற்றி. அப்படி ஒருவர் முன்வரிசையில் இருக்கும்போது ஆறாவது ஆளை நான் பின்னாலேயே நிறுத்துவேன்.