"ஆடுறியா தம்பி?"

நம் பையன்களின் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஃபைனல் வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி இங்கே போடுவதாக இல்லை. தலை உயரத்துக்கு எழும்பி வந்த பவுன்சர் ஹெல்மெட்டில் படுகிறது, பையன் அப்படியே உட்கார்ந்துவிடுகிறான், யாரோ கழுத்தில் ஐஸ் வைக்கிறார்கள், கோச் குனிந்து "ஆடுறியா தம்பி?" என்று கேட்கிறார். பதிமூன்று வயதுப் பையன் தலையை ஆட்டுகிறான். கைதட்டல் பறக்கிறது. தலைப்பு: "சிங்கக்குட்டி". கூடவே மூன்று நெருப்பு எமோஜி.

பந்து பட்டதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கிரிக்கெட் என்றால் படத்தான் செய்யும். அந்தக் கேள்விதான் என்னை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. தலையில் அடிபட்டவனிடம் "ஆடுறியா?" என்று கேட்பது, குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவனிடம் "வண்டி ஓட்டிடுவியா?" என்று கேட்பது மாதிரி. ஓட்டிடுவேன் என்றுதான் சொல்வான். எது பழுதாகியிருக்குமோ என்று நாம் சந்தேகப்படுகிறோமோ, அதே மூளைதான் பதிலையும் சொல்கிறது.

2014 உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டி. ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமருக்கு முகத்தில் பலமாக இடி. எழுந்தார், ஆடினார். சற்று நேரம் கழித்து நடுவரிடம் வந்து, "இது ஃபைனல்தானா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் வெளியே கூட்டிப் போனார்கள். கோடிக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருந்த மேட்சிலேயே இந்த லட்சணம்.

உடனே ஒருவர் வருவார்: "பரிசோதனை செய்துவிட்டுத்தானே அனுப்பினோம்?" சரி. 2019 ஆகஸ்ட், லார்ட்ஸ். இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. 80 ரன்னில் வெளியே போனார். டாக்டர்கள் பரிசோதித்தார்கள், தேறினார், திரும்பி வந்து 92 வரை அடித்தார். மறுநாள் காலையில்தான் அறிகுறிகள் தெரிந்தன. அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார்; டெஸ்ட் கிரிக்கெட்டில் கன்கஷனுக்காக, அதாவது அடிபட்டு மூளை குலுங்கியதற்காக, இறங்கிய முதல் மாற்று ஆட்டக்காரர் அவர்தான். முழுநேர டாக்டர்கள் உள்ள அணியிலேயே இப்படித் தப்புமென்றால், இரண்டு விரலைக் காட்டி "இது எத்தனை?" என்று கேட்ட உங்கள் பரிசோதனையைப் பற்றி நான் என்ன சொல்ல?

ஹெல்மெட் போட்டிருந்தானே என்கிறார்கள். ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. இந்திய ஆட்டக்காரர் ராமன் லாம்பா 1998-இல் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில், அதாவது பேட்ஸ்மேனுக்கு மிக அருகில், ஃபீல்டிங் நின்று தலையில் அடி வாங்கினார். மைதானத்தை விட்டுத் தானாகவே நடந்துதான் வெளியே போனார். மூன்று நாளில் இறந்துபோனார். "எழுந்து நடந்தானே" என்று சொல்கிறவர்கள் இதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

எனக்கும் பதினாறு வயதில் பட்டது. ஷார்ட் லெக், காதுக்கு மேலே. "என்னடா, ஓகேவா?" "ஓகே சார்." அவ்வளவுதான் விசாரணை. அதற்கப்புறம் நான் பிரமாதமாக ஒரு கேட்ச் பிடித்தேனாம். நண்பர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிலாகிப்பார்கள், நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். எனக்கு அந்தக் கேட்ச் ஞாபகமே இல்லை. ஞாபகம் இருப்பது மறுநாள் காலை ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தது மட்டும்தான். கையில் லேஸின் இரண்டு முனையும் இருக்கிறது. எதை எதற்கு மேலே போட வேண்டும் என்று தெரியவில்லை. அம்மா வந்து கட்டிவிட்டார். சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே.

"கும்ப்ளே தாடையில் கட்டுப் போட்டுக்கொண்டு பந்து வீசி, வெஸ்ட் இண்டீஸின் லாராவை அவுட் எடுக்கவில்லையா?" எடுத்தார். 2002, ஆண்டிகுவா, 14 ஓவர். நானும் புல்லரித்தேன், இன்னும் புல்லரிக்கிறது. ஆனால் உடைந்தது தாடை. அவருக்கு வயது 31. மறுபடி என்னிடம் கும்ப்ளேவை இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

"எல்லா மேட்சுக்கும் டாக்டர் வைக்கக் காசு எங்கே?" இது நியாயமான கேள்வி. ஆனால் நான் டாக்டர் கேட்கவேயில்லையே! சந்தேகம் வந்தால் வெளியே எடு, அன்றைக்கு மறுபடி இறக்காதே. உலகம் முழுக்க நிபுணர்கள் சொல்வது இதைத்தான். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அடிபட்டவனுக்குப் பதில் இறங்குகிற மாற்று ஆட்டக்காரருக்கு பேட்டிங்கும் உண்டு என்று போட்டி விதியில் ஒரே ஒரு வரி சேர்த்தால், எந்தக் கோச்சும் பையனிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே வராது.

இதைத்தான் அன்றைக்குப் பவுண்டரி ஓரத்தில் நின்று சொன்னேன். "சார், நீங்க டாக்டரா?" என்றார்கள். இல்லை. "உங்க பையன் ஆடலையே, உங்களுக்கென்ன?" ஆமாம், ஆடவில்லை. ராத்திரி குரூப்பிலும் எழுதினேன். கோப்பையோடு நிற்கும் போட்டோக்களுக்கு நடுவே அபசகுனம் மாதிரி ஒரு மெசேஜ். ஒன்பது நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். ஆறு வருடமாக அந்தப் பையன்களுக்கு ஸ்கோர் புத்தகம் எழுதியவன் நான். கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று இரவு அந்தப் பையனின் அம்மா போன் செய்தார். "லைட் போட்டா கண்ணு கூசுதுங்கிறான் சார். புத்தகத்தைப் பார்த்தாலே தலை வலிக்குதாம். இது சாதாரணம்தானே?" இல்லம்மா, விடியக் காத்திருக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க என்றேன். கோச்சிடம் கேட்டீர்களா என்றேன்.

கேட்டாராம். "அடுத்த சனிக்கிழமை பிராக்டிஸுக்கு வந்துடுவான்ல?" என்றாராம் கோச்.