"இது வெறும் கூடுதான்" என்று சொல்லாதீர்கள்

துக்க வீட்டில் இறந்தவரின் உடலைக் காட்டி நம் சபை மக்கள் வழக்கமாகச் சொல்லும் ஒன்றை என்னால் ஏற்கவே முடியவில்லை. "அழாதீங்க, அவங்க கர்த்தர்கிட்ட போயிட்டாங்க. இது வெறும் கூடுதான்." அன்பினால்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் கர்த்தரிடம் போனார்கள் என்பது நம் விசுவாசம். வெறும் கூடு என்பது நம் விசுவாசம் இல்லை.

ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப்பிரமாணம் சொல்கிறோமே, அதில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்றுதான் வருகிறது. உயிர்த்தெழுந்த கிறிஸ்து ஆணித் தழும்போடு, சந்தேகப்பட்ட சீஷரான தோமாவின் முன்னால் நின்றார். சீஷர்கள் கொடுத்த பொரித்த மீனை வாங்கிச் சாப்பிட்டார்.

அம்மா இந்த வருஷம் எங்களை விட்டுப் போனார். குளிப்பாட்டிச் சேலை உடுத்தும்போது சித்தி அம்மாவின் வலது கையைப் பிடித்தவர் விடவே இல்லை. மணிக்கட்டுக்கு மேலே ஒரு சூட்டுத் தழும்பு, ஏதோ ஒரு கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுடும்போது எண்ணெய் தெறித்தது. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை. ராத்திரி ஜெபத்தில் என் தலைமேல் இருந்த கை. அதைப் போய்க் கூடு என்றால் எப்படி? தேவன் எழுப்பப்போவது அந்தக் கையைத்தான் என்று நான் நம்புகிறேன். எப்படி என்று கேட்டால், அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும் என்கிறார் பவுல். எனக்கு அது போதும்.

அப்புறம் இந்த "அழாதே". இறந்துபோன நண்பர் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே பெத்தானியாவுக்குப் போன இயேசு, அங்கே கண்ணீர் விட்டார். கிறிஸ்துவுக்காகக் கல்லெறியப்பட்டு, வானம் திறந்திருப்பதைக் கண்டபடி மரித்தவர் ஸ்தேவான். அவர் எங்கே போனார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவரை அடக்கம்பண்ணிய பக்தியுள்ளவர்கள் மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற சீஷி இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவிடம் காட்டிக் காட்டி விதவைகள் அழுதார்கள். அவர்களைப் பேதுரு கடிந்துகொள்ளவில்லை.

நாயீன் ஊர் விதவையிடம் இயேசுவே "அழாதே" என்றாரே என்று கேட்பீர்கள். சரிதான். சொன்ன கையோடு பாடையைத் தொட்டு, மகனை உயிரோடு எழுப்பித் தாயிடம் கொடுத்தார். அப்படிக் கொடுக்க முடிந்தவருக்கு அந்த வார்த்தையைச் சொல்ல உரிமை உண்டு. நமக்கு இல்லை.

தெசலோனிக்கேயா பட்டணத்துச் சபையில் சிலர் இறந்தபோது, கிறிஸ்துவின் வருகைக்கு முன் போனவர்கள் கதி என்ன என்று மற்றவர்கள் கலங்கினார்கள். கி.பி. 50 வாக்கில் பவுல் அவர்களுக்கு எழுதுகிறார். துக்கமே கூடாது என்று எழுதவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறார். கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்கிறார். தேற்றுவது வேறு, அழுகிறவர் வாயை அடைப்பது வேறு.

அப்பா இன்னும் சாப்பாட்டு வேளையில் அழுகிறார். "இத்தனை வருஷம் சபை மூப்பரா இருந்துட்டு நீங்களே இப்படி அழலாமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து அப்பா ஆட்கள் வந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வெளியே வருகிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து அப்பாவிடம் அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். அவர் அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்காருங்கள். கிளம்பும்முன் 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்து ஜெபித்துவிட்டுப் போங்கள்.