அக்கம்பக்கத்து ஜனங்கள் வந்து போகிற ஊரா என்று பாருங்கள்

பெருநகரத்தை விட்டு ஒரு சின்ன ஊருக்குப் போய்விடலாம் என்று யோசிப்பவர்கள் என்னைச் சுற்றியே பலர் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள், ஓய்வுபெற்றவர்கள், பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டும் என்கிறவர்கள். நானும் அப்படி வந்தவள்தான், வந்ததில் எனக்கு நிறைவு. அதனால் யாராவது பேச்செடுத்தால் உட்கார்ந்து விலாவாரியாகப் பேசிவிடுவேன். அவர்கள் ஊர் தேடும் விதத்தைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கிறது. மலை தெரிகிறதா, பக்கத்தில் தண்ணீர் ஓடுகிறதா, காற்று சுத்தமா, வீடு மலிவா. இவை பொருந்திவிட்டால் முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அந்த ஊருக்கு எதற்காக வருகிறார்கள்?

பல் பிடுங்க வருகிறார்களா, பழுதான மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களா, பத்திரம் பதிய, கண்ணாடி மாற்ற, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வருகிறார்களா? அப்படி வருகிறார்கள் என்றால் அது தன் காலில் நிற்கிற ஊர். நம்பிப் போய்ச் சேரலாம். வெளியிலிருந்து யாரும் வருவதில்லை, ஊர்க்காரர்களே எல்லாவற்றுக்கும் வெளியே ஓடுகிறார்கள் என்றால், எவ்வளவு அழகான ஊராக இருந்தாலும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து 1933இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். மைய இடக் கோட்பாடு என்று புவியியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கடையோ மருத்துவரோ நிலைத்து நிற்க, குறைந்தபட்சம் இத்தனை வாடிக்கையாளர்கள் வேண்டும். ஜனங்களும் ஒவ்வொரு தேவைக்கும் ஓரளவு தூரம்தான் போவார்கள். அன்றாடச் சாமானுக்குத் தெருமுனை போதும், அறுவை சிகிச்சைக்கு வெகுதூரம் போகத் தயார். இந்த இரண்டு கணக்கும் சேர்ந்துதான் எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்கின்றன. அவருடைய வரைபடத்தில் ஊர்கள் அறுகோணங்களாக அழகாக அடுக்கிக்கொண்டு நிற்கும். நிஜத்தில் மலையும் ஆறும் நெடுஞ்சாலையும் அதைக் கலைத்துவிடும். ஆனால் அடிப்படை இன்றும் செல்லும் என்பதுதான் என் அனுபவம்.

இதனால்தான் மக்கள்தொகையை மட்டும் வைத்து ஊரை எடைபோட முடியாது என்கிறேன். இருபதாயிரம் பேர் வாழும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெருநகரத்துக்கு அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அங்கே எல்லோரும் காலையில் கிளம்பி நகரத்துக்குப் போய், வாங்க வேண்டியதை அங்கேயே வாங்கிக்கொண்டு ராத்திரி தூங்க மட்டும் திரும்புவார்கள். கடைத்தெரு எப்படி வளரும்? இன்னொன்று தள்ளி இருக்கிறது, ஆனால் சுற்றியுள்ள பல கிராமங்களுக்கு அதுதான் ‘டவுன்’. அந்த ஊரில் தன் அளவுக்கு மீறிய வசதிகள் இருக்கும். குழந்தை மருத்துவர் இருப்பார். ஃபிரிட்ஜ் பழுது பார்க்க ஆள் இருப்பார். சின்னது என்றால் எவ்வளவு சின்னது என்றும் கேட்பீர்கள். நிதானமான வாழ்க்கையை முன்வைத்து 1999இல் இத்தாலியில் தொடங்கிய சிட்டாஸ்லோ என்ற அமைப்பு, ஐம்பதாயிரம் பேருக்கு உட்பட்ட ஊர்களைத்தான் உறுப்பினராகச் சேர்க்கிறது. மேல்வரம்பாக அதை வைத்துக்கொள்ளலாம்.

ஊர் பார்க்க விடுமுறை நாளில் போகாதீர்கள். வேலை நாளில் போய், பேருந்து நிலையத்தில் காலை நேரத்தில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். உறையில் போட்ட எக்ஸ்ரே படத்தை மார்போடு அணைத்தபடி ஒரு பெரியவர் இறங்குவார். துணியில் சுற்றிய பம்பு ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து இறக்குவார்கள். சீருடையில் பிள்ளைகள் கூட்டமாக இறங்கித் தலைதெறிக்க ஓடுவார்கள். இறங்குகிறவர்கள் ஏறுகிறவர்களைவிட அதிகமா என்று கவனியுங்கள். எந்தத் தரகரும் இவ்வளவு தெளிவாக அந்த ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

சுற்றுலா ஊர்களுக்கும் வெளியாட்கள் வருகிறார்களே என்று கேட்கலாம். வருகிறார்கள், ஆனால் வேறு தேவைக்கு. அங்கே கடைகள் வருகிறவர்களுக்காக நடக்கும், அங்கேயே இருப்பவர்களுக்காக அல்ல. சீசனில் ஒரு நூல்கண்டு வாங்கக்கூட நெரிசலில் நீந்த வேண்டும். சீசன் முடிந்தால் பாதி வீடுகளில் விளக்கு எரியாது. என்னைக் கேட்டால், அழகான ஊருக்கு விருந்தாளியாகப் போய் வருவது நல்லது. குடியிருக்க, அதற்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண ஊர் மேல்.

ஒரே தொழிலை நம்பி நிற்கும் ஊரிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே கிட்சால்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. மாலிப்டினம் சுரங்கத்துக்காகவே வீடுகள், மருத்துவமனை, கடை வளாகம் என்று எல்லாம் புத்தம்புதிதாகக் கட்டினார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்த உலோகத்தின் விலை சரிந்தது, சுரங்கம் மூடப்பட்டது, குடியேறிச் சில வருடங்களுக்குள் மொத்த ஊரும் காலியானது. வீடுகள் அப்படியே நிற்கின்றன, ஆட்கள் இல்லை. இவ்வளவு கொடூரமாக எல்லா இடத்திலும் நடக்காது என்றாலும், ஒரு ஆலையோ ஒரு கல்லூரியோ மூடினால் இந்த ஊரில் என்ன மிஞ்சும் என்று கேட்டுவிட வேண்டும்.

மலிவான வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரை இழுப்பது அதுதான். ஜப்பானின் 2023ஆம் ஆண்டு வீட்டுவசதிக் கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. இத்தாலியின் சிசிலித் தீவில் சம்புகா என்ற ஊர் 2019இல் ஒரு யூரோ தொடக்க விலையில் வீடுகளை ஏலம் விட்டது உலகச் செய்தியானது. வாங்குகிறவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் அந்தப் பழைய வீட்டைப் புதுப்பித்தாக வேண்டும், உண்மையான செலவு அதில்தான். சுவிட்சர்லாந்தில் ஆல்பினன் என்ற மலையூர், வந்து குடியேறும் இளம் குடும்பங்களுக்குப் பணமே தருவதாக 2017இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தது. பெரியவர் ஒருவருக்கு 25,000 ஃபிராங்க். ஆனால் வயது 45க்குள் இருக்க வேண்டும், பத்து வருடம் அங்கேயே இருக்க வேண்டும், பெரிய தொகை போட்டு வீடு வாங்கவோ கட்டவோ வேண்டும். இவை ஏமாற்று வேலை இல்லை. தங்கள் ஊர் அழிந்துவிடக் கூடாது என்று பாடுபடும் மனிதர்கள் அவர்கள், எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் வீடு ஏன் இவ்வளவு மலிவு, இங்கே பிறந்தவர்கள் எதனால் போனார்கள் என்பதற்குப் பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அவர்களைக் கிளம்ப வைத்த காரணம் உங்களைப் பாதிக்காது என்றால் தாராளமாகப் போகலாம். வேலை இல்லாமல் போனார்கள், உங்கள் வேலை கையோடு வருகிறது என்றால் சரி. தண்ணீர் இல்லாமல் போனார்கள் என்றால்?

அப்புறம் மருத்துவம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மருத்துவமனை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இருக்கிறது என்றதும் திருப்தியாகிவிடுகிறார்கள். கேட்க வேண்டியது, ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள் என்பது. பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதா, வெடித்துக் கசிகிறதா என்பதை ஸ்கேன் எடுக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாகவே இருக்கலாம், சிகிச்சையோ நேர் எதிர். அடைப்பு என்று தெரிந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த நாலரை மணி நேரம் ஆம்புலன்சில் ஏற்றியதிலிருந்து தொடங்குவதில்லை. கை விழுந்ததிலிருந்து தொடங்குகிறது. வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும், வண்டி வர வேண்டும், போய்ச் சேர வேண்டும், ஸ்கேன் எடுக்க ஆள் இருக்க வேண்டும், பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும். தூங்கி எழுந்த பிறகுதான் தெரிகிறது என்றால் எப்போது தொடங்கியது என்பதே தெரியாது. மாரடைப்பிலும் இதே கதைதான், அங்கே நிமிடக் கணக்கு.

‘ஒரு மணி நேரத்தில் நகரத்துக்குப் போய்விடலாம்’ என்று சொல்வார்கள். பகலில், காய்ந்த சாலையில், தெரிந்த ஓட்டுநரோடு ஒரு மணி நேரம். முடிவு எடுக்கும் முன் அதே சாலையில் இருட்டிய பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள், மழை பெய்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. ரயில்வே கேட் எங்கே இருக்கிறது, தரைப்பாலம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

தண்ணீரை அது மிகக் குறைவாகக் கிடைக்கும் மாதத்தில் விசாரியுங்கள். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் கடினத் தண்ணீராக இருக்கலாம், சோதித்துப் பாருங்கள். இணையத்தைச் சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு சோதியுங்கள், பதிவேற்ற வேகத்தையும் சேர்த்து. மழைநீர் எங்கே வடிகிறது என்பதைப் பழைய வீடுகளின் சுவரே காட்டிக்கொடுத்துவிடும்.

மனிதர்களைப் பற்றி இப்படி விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியாது. சின்ன ஊரில் நாம் யார், எங்கே போகிறோம், யார் வீட்டுக்கு வந்தார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு இது மூச்சு முட்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை என்றால் ஏன் என்று கேட்க ஆள் இருப்பது பெரிய விஷயம். அது கிடைக்க நாம்தான் முதலில் போய்ப் பழக வேண்டும். ஒரே கடையில் வாங்குங்கள், ஒரே நேரத்தில் நடக்கப் போங்கள், நூலகத்தில் சேருங்கள். ‘எங்கள் நகரத்தில் இப்படி இல்லை’ என்ற வாக்கியத்தை மட்டும் ஒரு வருடத்துக்கு வாயில் வரவிடாதீர்கள்.

அந்த ஒரு வருடம் வாடகை வீட்டில் இருந்தே ஆக வேண்டும். எல்லாப் பருவமும் ஒரு சுற்று வந்து போகட்டும், பிறகு வாங்கலாம். வாங்கும்போது ஊருக்கு வெளியே, வயல் நடுவில், தோட்டத்தோடு என்று போய்விடாதீர்கள். சின்ன ஊரின் பெரிய வசதியே நடந்து போய் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் என்பதுதான். ஊருக்கு வெளியே போய்விட்டால் எதற்கெடுத்தாலும் வண்டி. வீட்டில் வண்டி ஓட்டாதவர் யாரோ, அவரையும் கூட்டிக்கொண்டு போய்த் தெருவைக் காட்டுங்கள். அந்த வீட்டு வாசலில் இருந்து மருந்துக்கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அவர் தனியாக நடந்து போய்விட்டு வரட்டும். அவர் சரி என்று சொன்ன பிறகு விலை பேசுங்கள்.