43 பல்லிகள்

போன வாரம் ராத்திரி, நாகமலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளிக்கோல் வரையன் பாம்பு. சுவர் விரிசலில் பாதி உடம்பைச் சொருகிக்கொண்டு, டியூப் லைட் பூச்சிக்கு வந்த பல்லியை நடுவயிற்றில் கவ்வியிருந்தது. அறுந்த வால் திண்ணையில் துடித்துக்கொண்டு கிடந்தது. எதிர்வீட்டு அண்ணன், "கட்டுவிரியன்டா தம்பி, தள்ளு" என்று கம்போடு ஓடிவந்தார். "விஷமில்லாததுண்ணே, பல்லி தின்ன வந்திருக்கு" என்று சொல்லி நிறுத்துவதற்குள் பாம்பு உள்ளே போய்விட்டது.

அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸ் தீவின் நினைப்பு வந்துவிட்டது.

ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில், ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான தீவு அது. 135 சதுர கிலோமீட்டர். நம் மதுரை மாநகராட்சி எல்லையைவிடச் சின்னது. அந்தக் காட்டு மரங்களில் மட்டுமே வாழ்ந்தது லிஸ்டர் பல்லி. 1970களின் கடைசியில்கூட அங்கே சாதாரணமாகக் கண்ணில் பட்டது. 1980களில் ஆசியாவிலிருந்து ஒரு பாம்பு வந்து சேர்ந்தது. நம் வெள்ளிக்கோல் வரையனின் நெருங்கிய சொந்தம். நம்மூர்ப் பல்லிக்கு இந்தப் பாம்பு பரம்பரைப் பகை, ஒதுங்கத் தெரியும். அந்தத் தீவுப் பல்லிக்கு அப்படி ஒரு பகை இருந்ததே இல்லை. பாம்பு காட்டுக்குள் பரவப் பரவப் பல்லிகள் மறைந்தன. 2012க்குப் பிறகு காட்டில் ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை.

ஆனாலும் அந்த இனம் இன்று உயிரோடு இருக்கிறது. 2009லிருந்து தேடித் தேடி 43 பல்லிகளைப் பிடித்துவந்து வளர்த்தார்கள். இப்போது தீவிலும் சிட்னி விலங்குக் காட்சியகத்திலும் நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கின்றன. அதே தீவின் காட்டு அரணைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடைசி அரணை, கம்ப் என்று பேர் வைத்த ஒரு பெண், 2014 மே மாதம் கூண்டிலேயே செத்துப்போனது. சோடி சேர ஓர் ஆண்கூடக் கிடைக்கவில்லை. இதை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இந்தக் கதை எதற்கு என்றால், 2020ல் நம் சிறுமலையிலிருந்து ஒரு பெரிய பாறைப்பல்லியைப் புது இனமாக அறிவித்து, அதற்கு மலையின் பேரையே வைத்தார்கள். மதுரையிலிருந்து வண்டி எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், அவ்வளவு பக்கம். மலையைச் சுற்றி வயலும் ரோடும் ஊரும். பாறை இடுக்கில் வாழும் உயிருக்கு அதெல்லாம் கடல் மாதிரிதான். சிறுமலை அதற்கு ஒரு தீவு.

"ஒரு பல்லிக்காகவா இவ்வளவு பேச்சு?" என்று நண்பர்களே கேட்கிறார்கள். ஆமாம், ஒரு பல்லிக்காகத்தான். பல்லி சொன்னால் பேச்சை நிறுத்திக் காது கொடுக்கிற ஊர்தானே நம்முடையது? 43ஐத் தேடி அலையும் நிலை வரும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? நிறைய இருக்கும்போதே எண்ண வேண்டும். வனத்துறையினரே, காட்டுமாட்டை எண்ணும்போது, ராத்திரி டார்ச் அடித்துப் பாறை இடுக்கையும் பாருங்கள். விடுதிக்கும் ரோட்டுக்கும் பாறையை உடைக்கும் முன்னால், அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

வனத்துறை கூப்பிட்டால் டார்ச்சோடு நான் வருகிறேன். என்னோடு வர விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.